தப்பான இடத்தைப் பிடித்த விரல்

அத்தான் எறிந்த கண்ணாடித் தட்டு என் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்சுவரில் உடைந்தது. ஜெல் வார்க்கிற தட்டு அது, நல்ல கனம். கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். சில்லு ஒன்று கழுத்தில் குத்தி நின்றது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கையில் இருந்த படத்தை மறுபடியும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"எறிங்க. அலமாரியில இன்னும் தட்டு இருக்கு. எல்லாத்தையும் எறிங்க. படத்துல இருக்கறது மாறாது."

"கிழிச்சுப் போடு அத."

"மாட்டேன்."

"கிழிடா!"

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவரும் அவரே. நான் பட்டம் வாங்கிய கையோடு என்னைத் தன் கூடத்துக்கு இழுத்துக்கொண்டவர். எங்கள் இருவருக்கும் கோபம் மூக்குக்கு மேல். கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடிப்போனதற்கு அதுதான் காரணம். ஒருமுறை ஓர் ஆய்வு மாணவனின் காலரைப் பிடித்து ஐஸ் பெட்டிக்குள் அவன் முகத்தை அமுக்கினார் அத்தான். நான் பாய்ந்து அவரை இழுத்துவிட்டேன். இழுத்த வேகத்தில் அந்த மாணவனுக்கும் ஓர் அறை விட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவன் அன்றே போய்விட்டான், புத்திசாலி.

ஆனால் அத்தான் இந்த வேலையில் இறங்கியது பேருக்கும் புகழுக்கும் இல்லை. அவருடைய ஒரே மகளுக்காக. வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். பேச்சில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. பிறவியிலேயே அவளுக்கு ரத்தத்தில் கோளாறு. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, சின்ன ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வலி. நாம் வலி என்று சொல்கிறோமே, அந்த வலி இல்லை. எலும்புக்குள் யாரோ சுத்தியலால் அடிக்கிற வலி. வலி வந்த நேரத்தில் அக்காவின் முன்கையைக் கடித்துப் பிடித்துக்கொள்வாள். அக்காவின் இரண்டு கையிலும் பல் தழும்பு உண்டு. வெயில் காலத்திலும் அக்கா முழுக்கைச் சட்டைதான் போடுவாள்.

மகள் கத்துவதைப் பதினாறு வருடம் கேட்ட ஒரு மனிதர், தட்டை எறியாமல் என்ன செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து அவரைப் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கண்டுபிடித்த வழி இதுதான். அவளுடைய ரத்தத்தை உண்டாக்கும் தாய் செல்களை வெளியே எடுப்பது. அந்த செல்களின் டி.என்.ஏ-வில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் வெட்டுவது. அங்கே வெட்டினால், கருவில் இருந்தபோது ஓடிய நல்ல ரத்தம் மறுபடி உருவாகத் தொடங்கும். பிறகு ஒரு கொடூரமான மருந்தைச் செலுத்தி அவளுடைய எலும்பு மஜ்ஜையைப் பொசுக்கிவிட்டு, வெட்டிய செல்களை உள்ளே ஏற்றுவது. மஜ்ஜையைப் பொசுக்கிய பிறகு திரும்பிப் போக வழி கிடையாது. அதற்காகத்தான், எதற்கும் இருக்கட்டும் என்று வெட்டாத செல்கள் ஒரு பையில் தனியாக உறைய வைக்கப்பட்டிருந்தன. வெட்டிய பை ஒன்று, வெட்டாத பை ஒன்று. மருத்துவமனை சாலைக்கு எதிர்ப்பக்கம். இரண்டு பைகளும் எங்கள் கூடத்துத் திரவ நைட்ரஜன் தொட்டியில் கிடந்தன.

வெட்டுகிற கத்திரி ஒரு புரதம். நாங்கள் வடிவமைத்தது. டி.என்.ஏ என்பது முறுக்கிய ஏணி. அதன் படிகளில் நாலே நாலு எழுத்துகள் மாறி மாறி வரும். அந்த எழுத்துகளைப் படிக்க ஏணியைப் பிரிக்க வேண்டியதில்லை. முறுக்கின் ஓரமாக ஒரு பள்ளம் ஓடுகிறது, எழுத்துகளின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் தட்டுப்படும். எங்கள் புரதத்தில் ஒரு துத்தநாக அணுவைச் சுற்றி மடங்கிய சின்னச் சின்னப் பகுதிகள் உண்டு. அவற்றை விரல் என்போம். ஒவ்வொரு விரலும் பள்ளத்துக்குள் நுழைந்து மூன்று எழுத்துகளைத் தடவும். சட்டைப் பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே இது இந்த நாணயம் என்று சொல்கிறோமே, அப்படி. விரல்களை வரிசையாகக் கோத்தால் நீளமான ஒரு சொல்லையே படித்துவிடும். கடைசியில் கத்திரியை ஒட்டிவிட்டால், விரல் பிடிக்கிற இடத்தில் கத்திரி வெட்டும்.

இதை வாயாடிக்கு ஒருமுறை படம் போட்டு விளக்கினேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கத்திரிக்கும் கண்ணு இல்ல, விரலுக்கும் கண்ணு இல்ல," என்றாள். "ரெண்டு குருட்டுப் பசங்கள என் உடம்புக்குள்ள அனுப்பப் போறீங்க. நல்லா இருக்கு மாமா, ரொம்ப நல்லா இருக்கு."

"தடவிப் பாத்தே கண்டுபிடிச்சுடும்டி."

"தப்பான எடத்தப் பிடிச்சுட்டா?"

"பிடிக்காது. பாத்தாச்சு."

பார்த்துத்தான் இருந்தோம். டி.என்.ஏ துண்டை ஒளிரும் சாயத்தோடு ஜெல் என்கிற கூழ்ப்பாளத்தில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் அது சரசரவென்று கீழே போய்விடும். புரதம் அதைப் பிடித்திருந்தால், கனம் கூடி மேலேயே தங்கிவிடும். சரியான எழுத்துகள் உள்ள துண்டு மேலே தங்கியது. ஒரு எழுத்து மாறிய துண்டுகள் எல்லாம் கீழே ஓடிவிட்டன. இதைவிடத் தெளிவாக யாருக்கு என்ன வேண்டும்? மார்தட்டிக்கொண்டோம். அந்த ஜெல்களை நம்பித்தான் மருத்துவமனைக் குழு அனுமதி கொடுத்தது. செல்களில் எந்தெந்த இடங்களில் தவறான வெட்டைத் தேட வேண்டும் என்பதையும் அந்த ஜெல்களை வைத்தே முடிவு செய்தோம். சுத்தம் என்று ஜெல் சொன்ன இடத்தை யாரும் போய்த் தேடவில்லை.

உண்மை வெளியே வந்ததும் அத்தானின் கோபத்தால்தான். போன மாதம் ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்காக ஐஸ் பெட்டியைத் தூக்கித் தரையில் அடித்தார். சேமித்து வைத்திருந்த புரதம் முழுவதும் தரையோடு போயிற்று. ஜெல் ஓட்டுவதற்கு என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு சின்னக் குப்பி. வேறொரு சோதனைக்காக, உடம்புக்குள் எவ்வளவு உப்பு இருக்குமோ அந்த அளவுக்கு உப்பை இறக்கி நான் வைத்திருந்த புரதம். சரி, இதையே போடுவோம் என்று போட்டேன். ஒரு எழுத்து மாறிய துண்டு ஒன்று கீழே ஓடவில்லை. மேலேயே உட்கார்ந்திருந்தது.

முதலில் நான் கை தவறிவிட்டதாக நினைத்தேன். மறுபடி ஓட்டினேன், மறுபடியும் அதே. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. எங்கள் புரதம் ஒரு அடங்காப்பிடாரி. உப்பு குறைந்தால் நாளாக ஆகக் கட்டி தட்டிவிடும். அதனால் உப்பு தூக்கலான நீரில்தான் வைத்திருப்போம், அது எங்கள் கூடத்துப் பழக்கம். ஏணியின் பக்கக் கம்பிகளில் மின்னூட்டம் உண்டு. எந்தப் புரதமும் அதில் கொஞ்சம் ஒட்டி, வழுக்கிக்கொண்டே போய், தன் எழுத்துகள் கிடைத்தால் இறுக்கிப் பிடிக்கும். கிட்டத்தட்டச் சரியான இடம் கிடைத்தால் அரைகுறையாகப் பிடிக்கும். அந்த அரைகுறைப் பிடியை முதலில் கழற்றிவிடுவது உப்பு. குழாயில் புரதத்தைக் கூடுதலாக ஊற்ற ஊற்ற, அதோடு சேர்ந்து உப்பும் ஏறியிருக்கிறது. எந்தக் குழாயில் தவறான பிடி தெரிய வேண்டுமோ, அதே குழாயில் உப்பு அதை அழித்திருக்கிறது. நாங்கள் சமையலுக்குப் போடுகிற சமாச்சாரத்தை மறந்துவிட்டு மரபணுவை மாற்றக் கிளம்பியிருக்கிறோம். எனக்கு என் கன்னத்திலேயே அறைந்துகொள்ளத் தோன்றியது, அறைந்தும் கொண்டேன்.

அந்தத் தவறான இடம் ஏதோ ஒரு மூலையில் இருந்திருந்தால்கூட விட்டிருப்பேன். அது ஒரு மரபணுவின் நடுவில் இருந்தது. செல் கண்டபடி பெருகாமல் பிரேக் போடுகிற மரபணு. அந்த பிரேக் அறுந்தால் ரத்தப் புற்றுநோய். பையை நிரப்பியபோது மிஞ்சிய செல்களில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இல்லை. ஆனால் இருந்தது. வெட்டு விழுந்திருந்தது.

அந்த ஜெல்லின் படத்தைத்தான் அன்று காலை அத்தானிடம் நீட்டினேன்.

"கண்ணாடிக் குழாயில நடக்கறது உடம்புல நடக்காது," என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"உடம்புக்குள்ள போகப்போற செல்லுலயே பாத்துட்டேன் அத்தான். வெட்டு இருக்கு. இத ஏத்தக் கூடாது. கத்திரிய மாத்துவோம். விரல மாத்துவோம். இன்னும் ஒரு வருஷம் ஆகட்டும், அவ பொறுத்துக்குவா."

"ஒரு வருஷமா? வலிக்கறது உனக்கா, அவளுக்கா?"

"மருந்து அடுத்த வாரம்தானே. நிறுத்திடலாம்."

அத்தான் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இறங்கிப்போய் வேறு ஒன்று வந்தது. 

"மருந்து ஏத்தி முடிச்சாச்சு," என்றார்.

"என்னது?"

"முன்னாலயே ஆரம்பிச்சுட்டோம். உன்கிட்ட சொன்னா நீ ஏதாச்சும் நொட்டை சொல்லுவன்னு சொல்லல. இன்னைக்கு மத்தியானம் செல்ல ஏத்தணும்."

வாயாடி சில நாளாக எனக்கு ஃபோன் செய்யவில்லை. ஏதோ பரிசோதனைக்காகச் சேர்த்திருக்கிறோம் என்று அக்கா சொன்னதை நம்பி இருந்துவிட்டேன். அந்த மருந்து வாயெல்லாம் புண்ணாக்கிவிடும். அவளால் பேச முடியவில்லை. அதனால்தான் அழைக்கவில்லை. அப்போது என் கை தானாக எழுந்து அத்தானின் மூக்கில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் மேசையோடு சரிந்தார், மேசையில் இருந்த குப்பிகள் எல்லாம் அவரோடு சேர்ந்து உருண்டன. எனக்கு அது போதவில்லை. காலர் பிடித்துத் தூக்கி மறுபடி ஒரு குத்து விட்டேன்.

"பெத்த பொண்ணுடா அவ!" என்று கத்தினேன். அத்தானை நான் டா போட்டது அதுவே முதல்.

"அதனாலதான்!" என்று அவரும் கத்தினார். பல்லெல்லாம் ரத்தம். "நான் பெத்தவன். நீ மாமன். உனக்கு ஒரு வருஷம்னா ஒரு வார்த்த. நான் ஒவ்வொரு ராத்திரியா எண்ணணும்."

எனக்கு ஒரு வழி தெரிந்தது. வெட்டாத பை இருக்கிறதே. அதை ஏற்றினால் பழைய நோயோடு பழைய வாயாடி திரும்பக் கிடைப்பாள். வலிக்கும், கடிப்பாள், ஆனால் இருப்பாள். ஃபோனை எடுத்து மருத்துவரைக் கூப்பிடப் போனேன். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். ஃபோன் விழுந்தது. குதிகாலால் அதை மிதித்து நசுக்கினார். என்னைத் தள்ளிவிட்டுத் தொட்டி இருக்கிற அறைக்குள் ஓடினார். வெட்டிய பையை எடுத்துக்கொண்டு அவரே எதிர்ப்பக்கம் போய்விடுவார் என்று எனக்குப் புரிந்தது. மருத்துவர் அவர் பேச்சைத்தான் கேட்பார், அவர்தான் தலைவர்.

கண்மண் தெரியாமல் பின்னாலேயே ஓடினேன். தொட்டியின் மூடியைத் திறந்திருந்தார். வெள்ளைப் புகை வழிந்து தரையெல்லாம் பரவியது. நான் அவர் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தேன். அந்த மூடியாலேயே என் விலாவில் அடித்தார். மூச்சே நின்றுவிட்டது எனக்கு. இரண்டாவது அடி தோளில். விழாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். கையுறை போட நேரம் இல்லை. தொங்கிய அடுக்கை இழுத்து வெளியே எடுத்தேன். உலோகம் விரலைக் கவ்விக்கொண்டது. தோல் உரிந்து அதிலேயே ஒட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன், வலி பிறகுதான் வந்தது. அடுக்கில் இரண்டு அலுமினிய உறைகள். ஒன்றின் மேல் சிவப்பு ஒட்டு, ஒன்றின் மேல் நீலம். சிவப்பு வெட்டியது. அதைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடுக்கைத் தரையில் விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் போனேன்.

"குடுத்துடு மாப்ள," என்றார் அத்தான். குரல் கெஞ்சியது. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. "உன் கால்ல விழறேன். குடுத்துடு."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் அந்தப் பையை அப்போதே சுவரில் மோதியிருக்கலாம். அந்தக் குளிரில் பை கண்ணாடியாகிவிடும், தட்டினால் தூள். ஆனால் எனக்கு அவரை ஜெயிக்க வேண்டும். நான் சொல்வதை அவர் கேட்டுவிட்டுத் தோற்க வேண்டும். இந்தப் பாழாய்ப்போன கோபம்.

"இத நான் உடைச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றேன். "இன்னொண்ணுதான் இருக்கும். வேற வழியே இல்லாம அதத்தான் ஏத்தியாகணும். டாக்டர் ஏத்துவாங்க. நீங்க ஏத்துவீங்க. நானா சொல்லணும்?"

 நான் சொன்னது அவருக்குள் இறங்குவதைப் பார்த்தேன். பிறகு அவர் தரையில் கிடந்த அடுக்கைப் பார்த்தார். நீல ஒட்டு போட்ட உறை அதில் இருந்தது.

"அத்தான், வேணாம்."

அவர் குனிந்தார். நான் பாய்ந்தேன், ஆனால் விலாவில் வலி என்னைப் பாதியிலேயே மடக்கிவிட்டது. வெறுங்கையால் உறையைத் திறந்தார். வெட்டாத செல்கள் கொண்ட பையை, தன் மகளின் உயிரை, எடுத்துத் தொட்டியின் விளிம்பில் ஓங்கி அடித்தார். ஒரே அடி. இளஞ்சிவப்புச் சில்லுகளாகச் சிதறித் தரையில் விழுந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களில் உருகத் தொடங்கின. அவர் அவற்றின் மேல் ஏறி நின்று மிதித்தார். சில்லு மிச்சம் இல்லாதபடி மிதித்தார். அழுதுகொண்டே மிதித்தார்.

"இப்ப உடை," என்றார் நிமிர்ந்து. "உன் கையில இருக்கறத உடை, பாப்போம்."

 அவரைக் கொன்றுவிடலாம் என்று தோன்றியது. சுவரில் தீயணைப்புக் குப்பி மாட்டியிருந்தது, ஒரே அடியில் முடித்துவிடலாம். ஆனால் நெஞ்சோடு அணைத்திருந்த பை இளகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நான் அங்கே நின்றால் அதுவும் போய்விடும். உலகத்தில் அவளுக்கென்று மிச்சம் இருந்தது என் தோல் உரிந்த கையில் இருந்த அந்தப் பைதான். அதை உடைக்க வந்தவன் நான். எடுத்துப்போகும் சின்னத் தொட்டிக்குள் அதை வைத்து மூடினேன். என் விரல் மடங்காததால் அத்தான்தான் மூடியின் கொக்கியை மாட்டினார். இருவரும் தொட்டியின் இரண்டு பிடியையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தோம். வண்டிகள் ஒலியெழுப்பின. எங்கள் சட்டையைப் பார்த்து ஒருவர் விபத்தா என்று கேட்டார்.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் கேட்கக் கேட்கச் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"வேற யாராச்சும் செல் குடுத்தா?" என்று கேட்டேன்.

"பொருந்தற ஆள் கிடைக்கலன்னுதானே இந்த வழிக்கே வந்தோம். அவளுக்கு இப்ப ரத்தமே ஊறல. ஒரு சளி பிடிச்சாக்கூடத் தாங்க மாட்டா. தேடறதுக்கு நேரம் இல்ல." அத்தானைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க மனுஷன்தானா?"

அக்கா அறைக்கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அத்தானிடம் வந்தாள்.

"வேணும்னேவா உடைச்சீங்க?"

"அவளுக்கு மறுபடி அந்த வலி வேணாம்னு..."

அக்கா தன் சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றினாள். தழும்புகளை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "இத வாங்கினது நான்," என்றாள். "எனக்குப் போதும்னு நான் எப்பவாவது சொன்னேனா? செத்தாலும் பரவால்லன்னு சொன்னேனா?" அப்புறம் அடித்தாள். உடைந்த மூக்கின் மேலேயே அடித்தாள். அவர் கையைத் தூக்கவில்லை. மருத்துவரும் நானும் சேர்ந்து பிடித்து இழுக்கும் வரை அடித்தாள். அத்தானை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் கைக்குக் கட்டுப் போட்டு, முகமூடி மாட்டி, அங்கி உடுத்தி உள்ளே விட்டார்கள். வாயாடிக்குத் தலையில் ஒரு முடி இல்லை. உதடு வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. பேச்சு வராத அவளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. செவிலி பையை வெந்நீரில் இளக்கி எடுத்துவந்து கம்பியில் மாட்டி, அவள் கழுத்தில் இறங்கும் குழாயோடு இணைத்தார். திருகை மட்டும் திறக்க வேண்டும்.

அவள் என் கைக்கட்டைப் பார்த்தாள். வெளியே கேட்ட சத்தத்தையும் கேட்டிருப்பாள்.

"சொல்லு," என்றாள். புண்ணான நாக்கில் ஒரு வார்த்தைதான் வந்தது.

பொய் சொல்ல வாய் திறந்தேன், முடியவில்லை. "கத்திரி தப்பான எடத்துலயும் வெட்டியிருக்கு. எல்லா செல்லுலயும் இல்ல, சிலதுல. பின்னால அது புத்துநோயா மாறலாம். மாறாமலும் போகலாம். எனக்குத் தெரியாதும்மா."

"இன்னொரு பை?"

"உங்கப்பா உடைச்சுட்டார். நானும் அங்கதான் இருந்தேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் ஓரமாக இறங்கிக் காதுக்குள் போனது. அக்கா துடைக்கக் கை நீட்டினாள், வாயாடி தலையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"நீ எதுக்குப் போன அங்க?"

"இத உடைக்க."

அவள் பையை அண்ணாந்து பார்த்தாள். கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான் நின்றிருந்தார், ரத்தம் வழிகிற முகத்தோடு. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தார். செவிலி திருகின் மேல் விரல் வைத்தார். வாயாடி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"மாமா திறக்கட்டும்," என்றாள்.

"என்னால முடியாதுடி. நான் திறக்க மாட்டேன்."

அவளுக்குப் பேசுவது வலித்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் விழுங்கி விழுங்கிப் பேசினாள். "வேற யார் திறந்தாலும், நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நீ எங்கப்பாவக் கொன்னுடுவ. எனக்குத் தெரியும் உன்ன. நீயே திற."

அக்கா என்னைப் பார்த்தாள். செவிலி நகர்ந்து வழிவிட்டார். கட்டுப் போட்ட விரலுக்குத் திருகு பிடிபடவே இல்லை. இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துத் தள்ளித் திறந்தேன். மங்கிய சிவப்பு குழாயில் இறங்கி, வளைவில் ஒரு கணம் தயங்கி, அவள் கழுத்துக்குள் போயிற்று.